கடலோடும் தகுதியும் கைப்பத்திரமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டுக் கடல்களிற் பாய்மரப் படகு செலுத்துவதற்கு உலகத்தார் ஒப்புக்கொள்ளும் தகுதிச் சான்றினைப் பெறுவது எங்ஙனம் என்பதுபற்றிச் சிறிது பேசுமாறு நமது சங்கத்தார் அடியேனைப் பணித்தனர். கடலிற் பிறந்து கடலில் வளர்ந்த நும்முன் தமிழ்ப் பண்டிதனொருவன் படகைப்பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனையே ஒக்கும். யானும் நெய்தற் குடியிற் பிறந்தவனே யாயினும், எம் பாட்டனார் காலத்திலேயே வலையை விட்டு ஏட்டைப் பற்றிக்கொண்ட குடும்பம் எம்முடையது. சுக்கானைப் பிடித்தறியாத கை என் கை. ஆயினும் இவ்விஷயத்தில் யான் தீர்க்கவேண்டிய கடனொன்று உண்டு. ஆதலின் பேசத் துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அக்கடன் யாதெனின், கூறுகின்றேன். ஏறத்தாழப் பத்தாண்டுகட்கு முன்னர், என்னிடம் தமிழ் பயின்ற நம் குலத்து மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்தபின் தனியே வந்து நின்று, “ஐயா, பாய்மரக் கப்பல் ஓட்டுவதற்குப் பரீட்சை உண்டாமே, அதற்கு எங்கே படிக்கவேண்டும்?” என்று வினவினான். யான், “அப்பா, கடலை விட்டுக் கரையேறத்தானே உன்னைப் பள்ளிக்கு அனுப்பினார் உன் தந்தையார்? நன்றாகப் படித்துச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வழி தேடு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அறிவுரை கூறிவிட்டோம் என்னும் திருப்தியுடன் அன்று வீடு சென்றேன். கேட்டவனோ கேள்வியைக் கைவிடவில்லை, ஆசிரியனையே கைவிட்டான். விடையைப் பிறரிடம் தேடிச் சென்றான்.

சென்றவிடத்தில் இடைத்தரகர் ஒருவர் வாய்த்தார். சின்னாட் பயிற்சியளித்து, “உலகமெங்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ்” தருவதாக வாக்களித்தார். தாயாரின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. முத்திரையும் பொன்னிற எழுத்தும் பொலிய ஒரு பத்திரம் கைக்கு வந்தது. பின்னொருகால், பிரெஞ்சுக் குடியுரிமையுடைய தாய்மாமன் வீட்டிற்கு விருந்தினனாகச் சென்றிருந்தபோது, அவ்வூர்த் துறைமுகத்திற் படகு வாடகைக்கு விடுவோரிடம் அதனைக் காட்டினான். அவர்கள் ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பித் தந்தனர், ஏதும் சொன்னாரில்லை.

ஊர் திரும்பிய அவன் அப்பத்திரத்தை என்னிடமே கொணர்ந்தான். யான் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அதில், இன்னார் இன்ன பயிற்சியிற் “கலந்துகொண்டார்” என்று எழுதியிருந்ததேயன்றித் “தேர்ச்சி பெற்றார்” என்று எழுதியிருக்கவில்லை. எந்த அரசாங்கத்தின் பெயரும் அதிலில்லை. எந்தச் சர்வதேசத் தீர்மானத்தின் எண்ணும் இல்லை. கலந்துகொள்ளுதல் வேறு, தேறுதல் வேறு. இவ்விரு வினைச்சொற்களின் வேற்றுமையைக் கற்பிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் மாணவன் அவ்வேற்றுமை அறியாமற் பொருளிழந்தான். அவன் முதலில் வந்து கேட்டபோது யான் அவனுடன் உட்கார்ந்து விசாரித்திருப்பேனாயின் அந்நகை அவ்வீட்டிலேயே இருந்திருக்கும். இதுவே என் கடன்.

இது நிற்க. உண்மையான சான்று யாது என்பதை இனி ஆராய்வாம்.

ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1998-ஆம் ஆண்டில் நாற்பதாம் எண்ணுள்ள தீர்மானமொன்றை நிறைவேற்றிற்று. உல்லாசப் படகு செலுத்துவோர்க்கான சர்வதேசத் தகுதிச் சான்று அத்தீர்மானத்தின்வழி வழங்கப்படுவதாகும். அதனைச் சுருக்கி ஐ.சி.சி. என்பர். தீர்மானத்தை ஏற்றுக்கொண்ட அரசாங்கம், அல்லது அவ்வரசாங்கம் அதிகாரமளித்த சபை, தேர்வு நடத்தி அதனை வழங்கும். பிரிட்டனில் 1875-ல் தோன்றிய ராயல் யாட்டிங் அஸோஸியேஷன் அத்தகைய சபைகளுள் ஒன்று. விண்ணப்பிப்போர் பதினாறு வயது நிரம்பியவராயும், பார்வையும் செவிப்புலனும் உடல்வலியும் போதியவராயும் இருத்தல் வேண்டும். கடற்கரையோர நீருக்கு ஒன்று, ஆறு கால்வாய்களுக்கு ஒன்று எனவும், பாய்ப்படகுக்கு ஒன்று, இயந்திரப் படகுக்கு ஒன்று எனவும் அதனுட் பிரிவுகள் உண்டு. எப்பிரிவிற்குத் தேறினாரோ அப்பிரிவிற்கு மட்டுமே அது செல்லும். பிரிட்டனில் வழங்கப்படுவது ஐந்தாண்டுகட்குச் செல்லுபடியாகும். பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும்.

ஈண்டு மூன்று விஷயங்களை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது: “உலகமெங்கும் செல்லும்” என்னும் பத்திரம் ஒன்றுமேயில்லை. எந்நாட்டு நீரிற் படகு செல்கின்றதோ அந்நாட்டு விதியே விதி. பிரான்சு தேசத்தில் ஆறு குதிரைச் சக்திக்கு மேற்பட்ட இயந்திரப் படகுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கடலிற் பாய்கொண்டு செல்லும் உல்லாசப் படகுக்கோ அது வேண்டுவதில்லை. ஆயினும் சட்டம் கேளாததை உடைமையாளன் கேட்பான். தன் படகை அயலான் கையில் ஒப்படைப்பவன் அவனது பயிற்சியை விசாரியாதிருப்பானோ? கிரேக்க நாட்டிலும் குரோவேஷியாவிலும் படகை வாடகைக்கு எடுப்பவர் தகுதிச் சான்று காட்டுதல் கட்டாயம். குரோவேஷியாவில் வானொலிக் கருவியிற் பேசுதற்குரிய சான்றும் உடன் வேண்டும்.

இரண்டாவது: சான்று பெறத் தகுதியுடையவர் யாவர் என்பது குடியுரிமையையும் வசிக்குமிடத்தையும் பொறுத்தது. நம் ஊரில் இது முக்கியமான விஷயம். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறி, 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. ஒரே தெருவில், ஏன், ஒரே கூரையின் கீழ், இரண்டு நாட்டுக் குடிகள் வாழ்கின்றோம். அண்ணன் மகனுக்குப் பொருந்திய வழி தம்பி மகனுக்குப் பொருந்தாது. ஆதலின் பணம் கட்டுதற்கு முன்னரே, சான்று வழங்கும் சபைக்கு நேரே எழுதித் தம் குடியுரிமையைச் சொல்லி, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும்.

மூன்றாவது: இச்சான்று உல்லாசப் பயணத்திற்கே உரியது, கூலிக்கு உழைப்பதற்கன்று. கப்பலிற் சம்பளத்திற்கு வேலை செய்ய விரும்புவோர்க்கு வழி வேறு. 1978-ல் உருவாகிப் பின்னர்த் திருத்தப்பெற்ற எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் சர்வதேச உடன்படிக்கையின்படி, கடலில் உயிர் தப்பும் முறை, தீயணைத்தல், முதலுதவி, கப்பலிற் பாதுகாப்பும் கடமையும் ஆகிய நான்கினையும் அவர் கற்றல் வேண்டும். இந்தியாவில் டைரக்டர் ஜெனரல் ஆப் ஷிப்பிங் என்னும் அதிகாரி ஒப்புக்கொண்ட பள்ளியிலேயே கற்றல் வேண்டும். வேலையில் அமர்த்திக் கொடுக்கும் ஏஜெண்டும் அவ்வதிகாரியின் லைசென்ஸ் பெற்றவராயிருத்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை தேடிக் கொடுத்ததற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கலாகாது என்று விதிக்கின்றது. இந்தியா அதனை 2015-ல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, “இத்தனை லட்சம் கொடு, கப்பலில் ஏற்றிவிடுகிறேன்” என்பவன் அவ்வொரு வாக்கியத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்து விடுகிறான். என் மாணவன் விரும்பியது கப்பல் வேலை. அவனுக்கு விற்கப்பட்டதோ உல்லாசப் பயணத்தின் பெயரால் ஒரு காகிதம்.

இனி, நம் பெரியோர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபத்திற்கு வருவாம். இவ்விஷயத்தை முன்னொரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர், “வாத்தியாரே, பத்து வயதிலிருந்து கடலுக்குப் போகிறோம். வாடை அடிக்கிறதா, கொண்டல் அடிக்கிறதா, கச்சான் அடிக்கிறதா என்று முதுகுத் தோலே சொல்லும். வெள்ளைக்காரன் காகிதம் நமக்கு எதற்கு?” என்று கேட்டார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. நம் முன்னோர் கடலறிவு சிறிதன்று. இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய உல்லாசப் படகை உலகத்தார் இன்று “கட்டமரான்” என்றே அழைக்கின்றனர். நம் கட்டுமரம் என்னும் சொல்லே அது. சோழமண்டலக் கரையில் வழங்கிய அச்சொல்லை டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். இரட்டை உடற் படகின் வடிவம் பசிபிக் தீவினருடையது. பெயர் மட்டும் நம்முடையது. நம் ஊரின் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்பார் தோண்டியபோது, ரோமாபுரி வாணிகத்தின் சின்னங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. கலம், வங்கம், நாவாய் எனப் பல பெயரிட்டு, ஓட்டுவோனை மீகாமன் என்று சிறப்பித்த மொழி நம் மொழி. இவையெல்லாம் பெருமையே.

ஆனால், ஐயன்மீர், முதுகுத் தோல் காற்றைச் சொல்லும். எதிரே வரும் கப்பலின் கருத்தைச் சொல்லாது. கடலில் நாம் தனித்தில்லை. இருளில் இரண்டு கலங்கள் எதிர்ப்படும்போது, ஒன்றன் மொழி மற்றொன்றற்குத் தெரியாது. அங்கே பொதுமொழியாக நிற்பது 1972-ல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையிலுள்ள மோதல் தவிர்ப்பு விதிகளே. தகுதிச் சான்றுக்குரிய தேர்வில் தலையாய பகுதி அதுவே. அவற்றுட் சிலவற்றைக் கூறுகின்றேன்; வலை வீசுவோர்க்கும் அவை பயன்படும்.

கலத்தின் இடப்பக்கத்து விளக்குச் சிவப்பு; வலப்பக்கத்து விளக்குப் பச்சை; பின்புறத்து விளக்கு வெண்மை. எதிரே சிவப்பும் பச்சையும் ஒருங்கே தோன்றுமாயின் அக்கலம் நம்மை நோக்கியே வருகின்றது என்று அறிக. பாய்ப்படகுகள் இரண்டு நெருங்குங்கால், இடப்பக்கத்திற் காற்றை வாங்கும் படகு, வலப்பக்கத்திற் காற்றை வாங்கும் படகுக்கு வழிவிடல் வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திற் காற்றை வாங்குமாயின், காற்று வரும் திசையில் நிற்பது மற்றொன்றற்கு வழிவிடல் வேண்டும். இயந்திரக் கலம் பொதுவாகப் பாய்க்கலத்திற்கு வழிவிடும். பாய்க்கலமோ, வலை முதலியவற்றால் விருப்பம்போல் திரும்ப இயலாது மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்திற்கு வழிவிடல் வேண்டும். நம் தொழிலுக்கு உலகம் அளித்த மரியாதை இது!

ஆனால் அம்மரியாதையைப் பெறுதற்கு நாம் இன்னார் என்று இருளில் அறிவித்தல் வேண்டும். இழுவலையன்றி வேறு வகையால் மீன்பிடிக்கும் கலம் வெண்விளக்கின்மேற் செவ்விளக்கும், இழுவலைக் கலம் வெண்விளக்கின்மேற் பச்சை விளக்கும் காட்டுதல் வேண்டும். நம் குப்பத்துப் படகுகளில் எத்தனையில் அவை எரிகின்றன? கையிலொரு டார்ச்சு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, “கப்பற்காரன் பார்த்துப் போகட்டும்” என்று இருந்தால், உயர்ந்த மேற்றளத்தில் நிற்கும் அவனுக்கு அது மின்மினியாகவும் தோன்றாது. பரீட்சைக்கெனப் படிப்பது பரதேசத்திற்கு மட்டும் என்று எண்ணற்க. பரீட்சையே எழுதாவிடினும் இப்பாடம் உயிர்காக்கும் பாடம்.

இனி, கற்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். பிரிட்டிஷ் முறையில் “டே ஸ்கிப்பர்” என்பது பகற்போதில் அறிமுகமான நீரிற் சிறு பாய்ப்படகைத் தலைமை தாங்கிச் செலுத்துதற்குரிய படி. அச்செய்முறைச் சான்று பெற்றவர், மற்றத் தகுதிகளும் உடையராயின், வேறு பரீட்சையின்றியே ஐ.சி.சி. கோரலாம். அதற்கு மேற்பட்ட “யாட்மாஸ்டர் ஆப்ஷோர்” தேர்வுக்குச் செல்பவர் 50 நாள் கடலிற் கழித்து, 2,500 கடல் மைல் சென்றிருத்தல் வேண்டும். அதனுள் 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து இருத்தல் வேண்டும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். இவையனைத்தையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தல் வேண்டும். நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், காற்று, தூரம், தாம் வகித்த பொறுப்பு என்பவற்றைப் பொய்யின்றிக் குறித்தல் வேண்டும்.

நாட்குறிப்பு நம் ஊருக்குப் புதிதன்று. ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736-ஆம் ஆண்டு முதல் எழுதிய தினசரியில் இத்துறைக்கு வந்த கப்பல்களையும் சென்ற கப்பல்களையும் குறித்து வைத்தமையாலன்றோ அக்காலத்துப் புதுவையை நாம் இன்று அறிகின்றோம்? நாற்பதாண்டு கடலோடிய நம் தண்டேல் ஒருவரை, “நும் அனுபவத்தைக் காட்டுக” என்றால் காப்புக் காய்ச்சிய கையைத்தான் காட்டுவார். அது மெய்யான சாட்சியே. ஆயினும் பரீட்சகன் படிக்கக்கூடிய சாட்சியன்று. எழுதாத அனுபவம் எழுதியவனோடு மறைந்துபோம் என்றுகூடச் சொல்ல வழியில்லை, எழுதவே இல்லையே!

பாய்ப்படகு பயில நம் நாட்டிலும் இடம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் நடைபெறுகின்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அம்மையார் பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக் பந்தயத்திற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணியாய், 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பிரான்சிலும் போட்டியிட்டார்.

பெண்மணி என்றவுடன் நம் ஊர்ச் செய்தியொன்றைக் கூறாதிருத்தல் தகாது. இந்தியக் கடற்படையிற் லெப்டினண்ட் கமாண்டர் பதவி வகிக்கும் ரூபா அழகிரிசாமி அம்மையார் புதுச்சேரியைச் சேர்ந்தவர். அவரும் கேரள நாட்டைச் சேர்ந்த தில்னா அம்மையாரும் ஆகிய இருவர் மட்டுமே, “தாரிணி” என்னும் 56 அடி நீளமுள்ள பாய்க்கலத்தில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ல் கோவாவினின்றும் புறப்பட்டனர். ஆஸ்திரேலியாவில் பிரிமாண்டில், நியூசீலாந்தில் லிட்டில்டன், பால்க்லந்துத் தீவிற் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவிற் கேப்டவுன் என நான்கு துறைகளில் மட்டும் தங்கி, உலகைச் சுற்றி, 2025-ஆம் ஆண்டு மே 29-ல் கோவாவிற்கே மீண்டனர். 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட பயணம் அது. ஜனவரி 30-ல் “நீமோ முனை” என்னுமிடத்தைக் கடந்தனர். அவ்விடத்தினின்றும் எத்திசையிற் சென்றாலும் மிக அண்மையிலுள்ள நிலமே 2,600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது! பிப்ரவரியில், கடலோடிகள் பெயர் கேட்டு நடுங்கும் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தனர். கலத்தைக் கட்டியதும் கோவாவிலுள்ள நம் நாட்டுத் தொழிற்சாலையே.

அவ்வம்மையார் எக்குலத்தவர் என்று யான் விசாரித்தேனில்லை, விசாரிக்க விரும்பவுமில்லை. நம் ஊர்ப் பெண் என்பது போதும். யான் விசாரிப்பது வேறு. இக்கூட்டத்தின் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் மீனைக் கூடையிற் சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். கடலின் லாப நட்டம் அவர்கள் தலைமேல் நிற்கின்றது. ஆயினும் அவர்கள் படகில் ஏறலாகாது என்னும் வழக்கத்தை நாம் பெரும்பாலும் விட்டோமில்லை. இருவர் பெண்கள் உலகையே சுற்றி வந்த பின்னரும் அவ்வழக்கிற்கு நாம் கூறும் நியாயம் யாது? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் கடல் கரையேறி வந்தபோது ஆண் பெண் என்று அது பிரித்துப் பார்த்ததோ? நீந்தத் தெரியாத நம் பெண்மக்களை நினைந்தேனும் யோசிப்போமாக.

முடிவாக, சங்கத்தார்க்கு விண்ணப்பங்கள் சில. சங்கக் கட்டிடத்தில் வாரம் ஒரு மாலை, கடல்விதி, கடல் வரைபடம், வானிலை, வானொலியிற் பேசும் முறை ஆகியவற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். ஓய்வுபெற்ற கடற்படையினரும் கப்பலிற் பணியாற்றியவரும் நம்மிடையே இருப்பின் முன்வருக. ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கும் பணியை யான் ஏற்கின்றேன், ஊதியம் வேண்டேன். இரண்டாவது, நம் இளைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் அளித்தல் வேண்டும். மூன்றாவது, எந்த ஏஜெண்டிடமும் பணம் கட்டுதற்கு முன்னர், அவர் காட்டும் தாளைச் சங்கத்திற் கொணர்ந்து படித்துக் காட்டச் செய்தல் வேண்டும். நான்காவது, கல்வி நிதியிற் கடற்கல்விக்கும் ஒரு பங்கு ஒதுக்கி, அதனை ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவாக வைத்தல் வேண்டும்.

என் மாணவனைப்பற்றி ஒரு வார்த்தை. அவன் மனமுடைந்தானில்லை. இன்று முறைப்படி அங்கீகரிக்கப்பெற்ற பள்ளியிற் சேர்ந்து அடிப்படைப் பயிற்சிகளை முடித்து வருகின்றான். சென்ற திங்கள் தன் நாட்குறிப்பைக் கொணர்ந்து, “ஐயா, எழுத்துப் பிழை பாருங்கள்” என்று தந்தான். பிழை சில இருந்தன, திருத்தினேன். பத்தாண்டுகட்கு முன்னர் யான் செய்த பிழையை அவன் ஒரு சொல்லாலும் குறித்தானில்லை. அடகிலுள்ள நகை இன்னும் மீளவில்லை என்பதை மட்டும் அவன் தாயார் வாயிலாக அறிந்தேன்.

இனி இத்தகைய கேள்வியுடன் எந்தப் பிள்ளை நம்மிடம் வந்தாலும், “கரையேறு” என்றோ “கடலுக்குப் போ” என்றோ சொல்வதற்கு முன்னர், உட்கார வைத்து, கேட்டதற்கு விடை தேடிக் கொடுப்போமாக.